காலியாக விட்டிருக்கலாமே, ரெஜினா

என் அன்பு ரெஜினா,

உன்மேல் இவ்வளவு கோபம் இருந்தும் கை அன்பு என்றுதான் எழுதுகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் எஃகுத் தகடுகளைப் பற்றித்தான். செம்பவாங் படகுத்துறையில் அவற்றைக் கடலுக்குள் தொங்கவிட்டு, மாதம் சிலவற்றை எடுத்து வந்து, துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று கிளமெண்டி ஆய்வுக்கூடத்தில் எடை போடுவாயே. நம் கட்டுரையைப் படித்த ஒரு பொறியாளர் போன மாதம் எழுதினார். துறைமுகத் தூண்களை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை சோதிப்பது என்று அதை வைத்து முடிவு செய்யப் போகிறாராம். நாம் அளந்த எண்கள் அப்படியே, ரா டேட்டாவாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். பெருமையாக இருந்தது.

உன் ஃபோல்டரில் எல்லாம் உன் ஒழுங்குப்படியே இருந்தது. தேதி, தகட்டு எண், எந்தத் தராசு, யார் அளந்தது. ரா டேட்டாவில் யாரும் கை வைக்கக் கூடாது, திருத்தம் எதுவானாலும் நகலில்தான் என்பது நீ போட்ட சட்டம். நான் ஒருமுறை 'ஃபைனல் நியூ 2' என்று சேமித்ததற்கு, "கல்யாணப் பொண்ணு மாதிரி உன் ஃபைல் எத்தனை புடவைடி மாத்தும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள் நீ.

அனுப்புமுன், தராசு தானாகப் பதிந்துவைக்கும் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். மூன்று மாத எடைகள் தராசின் பட்டியலில் இல்லை. உன் ஃபைலில் இருக்கின்றன. வேறு தராசில் போட்டிருப்பாய் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். பிறகு ஃபைலின் பழைய பதிப்புகளைத் திறந்தேன். அந்த மூன்று மாதத்து எண்களும் ஒரே பிற்பகலில் தட்டச்சு செய்யப்பட்டவை.

அந்த நாட்களில் நீ வாடித் தெரிந்தாய். இந்த மாதம் நான் போய் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்லா, நான் போயிட்டு வந்துட்டேன்" என்றாய். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்!

உன் வீட்டுக்காரர் அந்தோணியை டேக்கா சந்தை டீக்கடையில் பார்த்துக் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. அப்போதே உனக்குச் சிகிச்சை ஆரம்பித்துவிட்டதாம். எனக்குத் தெரிந்தால் பாவமாகப் பார்ப்பேன் என்று சொல்ல விடவில்லையாம். எனக்கு நீ சொன்னது அடுத்த வருடம், எல்லாம் கைமீறிய பிறகு.

"அக்கா, அவளே போயிட்டா. அந்த மூணு நம்பரை யாரு பார்க்கப் போறா? ஷெரின், அவ அம்மா மாதிரியே ஆகணும்னு அதே படிப்பு படிக்கிறா. அவளை நினைச்சுப் பாருங்க" என்றார்.

நினைத்துப் பார்த்தேன். அந்தத் தூண்கள்மேல் நடக்கப்போகிறவர்களையும் நினைத்தேன். நம் வரைபடத்தில் கோடு எவ்வளவு அழகாக, சீராகப் போகிறது தெரியுமா? உண்மையில் அந்த மாதங்களில் துரு வேகமெடுத்ததா, அடங்கியதா? அந்த மூன்று மாதக் கடலை இனி யார் போய் அளப்பது?

'உடம்பு முடியவில்லை, எடுக்கவில்லை' என்று ஒரு வரி போதுமே. மூன்று கட்டங்கள் காலியாக இருந்ததற்காக யார் உன்னைக் குறை சொல்லியிருப்பார்கள்? நானா?

சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீ செய்தது என்றால் எதற்குப் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பொறியாளருக்கும் கட்டுரை வந்த இதழுக்கும் எழுதுகிறேன். மூன்று மாதங்கள் அளக்கப்படவில்லை, எங்கள் முடிவை நம்ப வேண்டாம் என்று. யார் செய்தது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன், பார்க்காமல் கையெழுத்திட்டது நான் என்றும் சொல்வேன். உன் நோயைச் சாக்காகக் காட்ட மாட்டேன். படுக்க வைத்தது நோய். தட்டச்சு செய்தது நீ.

ஞாயிறு பூசை முடிந்து ஷெரின் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன், ஃபைலைத் திறந்து காட்டியே. உன்னைத் திட்டினால் திட்டட்டும், அழுதால் பக்கத்தில் இருப்பேன். அவள் என்ன கேட்டாலும் உள்ளதை மட்டுமே சொல்வேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

ஷெரினின் பெரியம்மா,
வசந்தி