முப்பத்திரண்டாவது படம்

ஏப்ரல் 9, புதன்

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்து பதிமூன்று நாள் ஆகிறது. நூலகத்தில் எடுத்த நான்கு புத்தகங்களும் தீர்ந்துவிட்டன. பொம்மிடியில் இனி படிக்க எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மாமா போன் செய்தார்.

“மருமவளே, உங்க ஊருக்கே சாவ வர்றேன். கட்டில காலி பண்ணி வை.”

புதுப் படமாம். ஊருக்கு வடக்கே மூடிக்கிடக்கும் கல்குவாரியில் பத்து நாள் ஷூட்டிங். லாட்ஜ் வேண்டாம், அக்கா வீடுதான் என்று சொல்லிவிட்டாராம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘சாவ’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆராய்ச்சி நோட்டைத் தேடி எடுத்தேன். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியது. முதல் பக்கம்: ‘நவநீதன். என் தாய்மாமன். நடிகர். படங்கள் 31. நல்லவை 3. மோசமானவை 26. சொல்லத் தெரியாதவை 2.’ படங்களுக்கு எண் மட்டும்தான் போட்டிருக்கிறேன். மோசமான படங்களுக்குப் பெயரும் மோசமாக இருக்கிறது.

ஏழாம் படத்தில் மாமா ரயில்வே கேட்கீப்பர். விருது வாங்கினார். கடைசியில் அவர் செத்துக் கிடக்கும்போது தருமபுரி தியேட்டரில் அம்மா எழுந்து நின்று “டேய் நவநீ” என்று கூப்பிட்டுவிட்டாள். எட்டாம் படத்தில் அதே மாமா புலித்தோல் சட்டை போட்ட ரவுடி. ஹீரோ ஒரு முறுக்கை வீசிக் கொல்கிறார். முறுக்கு! இரண்டும் ஒரே வருஷம். இது எப்படி நடக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

31-இல் 22 படங்களில் சாகிறார். இதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மாமா வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். பையை வைத்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், அறிவழகன் சார் கூப்பிட்டிருக்கிறார் என்பது. ஏழாம் படத்தை எடுத்தவர். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அடுத்த படம் எடுக்கிறார். மாமாதான் முக்கிய வேஷம். ஜூனில் ஆரம்பம். சொல்லும்போது தண்ணீர்ச் செம்பைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அப்ப இந்தப் படம் எதுக்கு மாமா? விட்டுடலாம்ல?”

“ஒத்துக்கிட்டதாச்சே, பாப்பா. சமையக்காரன் கல்யாணத்துக்கும் சமைப்பான், கருமாதிக்கும் சமைப்பான்.”

“கருமாதின்னு உப்பு போடாம இருக்க மாட்டான் மாமா.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “நல்ல படத்துல சைக்கிள்ல ஏறி உக்கார்றதுக்கு ரெண்டு நாள் ஒத்திகை பாப்பாங்க. இந்த மாதிரி படத்துல மாடியில இருந்து குதின்னு அப்பத்தான் சொல்வாங்க. நான் நடிக்கறது ரெண்டுலயும் ஒண்ணுதான். பாக்கறதுக்கு ஆளு இருக்குதா இல்லையாங்கறதுதான் வித்தியாசம்.”

இதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். பெரிய கண்டுபிடிப்பு என்று மகிழ்ச்சியாக இருந்தது. இப்போது திரும்பப் படித்தால் என்னவோபோல் இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

உதவி இயக்குநர் ஜாஸ்மின் அக்கா வீட்டுக்கு வந்தார். சின்ன வயது, கழுத்தில் விசில், கையில் அட்டை. மாமாவின் பழைய போட்டோ ஒன்று வேண்டுமாம். படத்தில் வில்லன் செத்த பிறகு வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்ட.

அம்மா மாவு கையோடு வந்து நின்றாள். “உசுரோட இருக்கறவனுக்கு மாலையா? அதுக்கு நானே படம் எடுத்துக் குடுக்கோணுமா?”

“ஷாட் முடிஞ்சதும் கழட்டிருவோங்க அக்கா. சார் அந்தப் போட்டோ பக்கத்துல நின்னு கேமராவப் பாத்துச் சிரிப்பாரு. அதையும் எடுத்துருவோம். செத்த மாதிரி நடிச்சா, மால போட்டா, சிரிச்சு ஒரு ஷாட் எடுத்துத்தான் முடிப்போம். எல்லா செட்லயும் வழக்கம்.”

“சிரிச்சா சரியாப் போயிருமா?”

“இருவத்திரெண்டு தடவ சிரிச்சிருக்கேன் அக்கா,” என்றார் மாமா. “பல்லே தேஞ்சு போச்சு, பாரு.”

அம்மா உள்ளே போய், அவர் விருது வாங்கிய அன்று எடுத்த படத்தைக் கொண்டுவந்தாள். ஜாஸ்மின் அக்கா கையில் தரவில்லை. மேஜைமேல் வைத்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஷூட்டிங் பார்த்தேன். இரண்டு தவறு நடந்தது. ஒன்று என்னுடையது.

முதலில் மாலை போட்ட போட்டோ. சினிமாவில் எதையும் வரிசைப்படி எடுப்பதில்லை. மாமா செத்தபின் நடப்பதை இன்றே எடுத்தார்கள், சாவு வியாழக்கிழமைதான். ஷாட் முடிந்ததும் டைரக்டர் மாதவராஜ் சார் “வெளிச்சம் போவுது, அடுத்தது, அடுத்தது” என்று ஓடினார். மாலையைக் கழற்றினார்கள். சிரிப்பை எடுக்கவில்லை. ஜாஸ்மின் அக்கா நினைவுபடுத்தினார். “நாளைக்கு எடுத்துக்கலாம்மா. பல்லு எங்க போவப் போவுது?” என்றார் டைரக்டர்.

அடுத்து, நான்கு பேர் மாமாவை அடிக்கும் காட்சி. கட்டை அவர் முதுகில் படுவதற்குள் நான் “மாமா!” என்று கத்திவிட்டேன். கட். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டர் என்னைத் திட்டவில்லை, மாமாவைப் பார்த்துச் சிரித்தார். அது அதைவிட மோசம்.

மாமா எழுந்து சட்டையைத் தட்டியபடி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “எம் மருமவ. பிளஸ் ஒன்னு. நான் செத்தாலும் கத்தாத கண்ணு, அது நடிப்பு.”

கூட்டமே சிரித்தது. இனி வாயைத் திறக்கவே மாட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. அம்மா கேட்ட முதல் கேள்வி, “சிரிப்ப எடுத்தாங்களாடா?” இல்லை.

மாமாவிடம் என் நோட்டைக் காட்டினேன். இவ்வளவு நாள் காட்டியதில்லை. பயந்துகொண்டே கேட்டேன்: “ஏழாம் படத்துல செத்துக் கெடக்கும்போது வலது கை கட்டைவிரல உள்ள மடக்கி, மத்த வெரல அது மேல மூடியிருக்கீங்க. எட்டுலயும் அப்படியே. பதினஞ்சு, இருவது, இருவத்தாறு… இருவத்திரெண்டு சாவுலயும் இருக்கு. ஏன் மாமா?”

அவர் நோட்டைப் புரட்டினார். “இத இதுவரைக்கும் ஒருத்தன் கண்டுபிடிச்சதில்ல. அறிவழகன் சார்கூட.” பிறகு தன் கையைத் தானே பார்த்தார். “மூச்ச அடக்கிக் கெடக்கும்போது நெசமாவே எங்கியோ போற மாதிரி இருக்கும் பாப்பா. கட்டவெரலப் புடிச்சிருந்தா நான் நானாத்தான் இருக்கேன்னு அர்த்தம். கெணத்துல எறங்கறவனுக்குக் கயிறு மாதிரி.”

“விட்டுட்டா?”

“விட்டதில்ல.”

ஏப்ரல் 15, செவ்வாய்

சிரிப்பை இன்றும் எடுக்கவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் எடுத்திருக்கலாம்.

ஏப்ரல் 16, புதன்

குவாரிக் குட்டையை இன்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மூன்று பக்கமும் வெட்டிய பாறை. தண்ணீர் கரும்பச்சை. கரையில் மேயும் ஆடுகள் அதில் வாய் வைப்பதில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் முப்பதடி என்கிறார், ஒருவர் பாதி வெட்டிய கல் நிற்கிறது என்கிறார்.

நாளை மாமாவை மேலிருந்து தள்ளுவார்கள். பிணமாக மிதக்க வேண்டும். ஸ்டண்ட் மாஸ்டர் வேறு படத்துக்கு ஐதராபாத் போய்விட்டார். டூப் போடுகிறவர் வரவில்லை. “பத்தடிதான? நானே வுழுந்துடறேன்” என்று மாமா சொல்லிவிட்டார். இதை முடித்தால் சனிக்கிழமை சென்னைக்குப் போய் அறிவழகன் சாரைப் பார்க்கலாமாம். அந்தக் கதையின் தாள்களைப் பையிலிருந்து எடுத்து எனக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது குரலே வேறாக இருந்தது.

‘பாக்கறதுக்கு ஆளு இருக்குதா.’ அடிக்கோடு போட்ட அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஏப்ரல் 17, வியாழன்

எழுதவேண்டும். எழுதாவிட்டால் மாற்றி நினைத்துக்கொள்வேன்.

காலை பதினொன்றரை. ஹீரோ வரவில்லை. அவர் காப்பை மாட்டிக்கொண்டு வேறொருவர் கை மட்டும் தள்ளியது. பாதுகாப்புக்காகத் தண்ணீரோரம் கயிறோடு நின்ற இரண்டு பேரை, டிரோன் கேமராவில் தெரிகிறார்கள் என்று எதிர்க்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா விழுந்தார். சத்தம் வந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் — எனக்குக் கேட்டதா, இப்போது சேர்த்துக்கொள்கிறேனா?

மேலே வந்தார். குப்புற மிதந்தார். கை விரிந்து, சட்டை உப்பி. எல்லாரும் மானிட்டர் பக்கம் குனிந்திருந்தார்கள். குட்டையை யாருமே பார்க்கவில்லை. டைரக்டர் கிசுகிசுத்தார்: “என்னமா நடிக்கிறான்யா… கட் சொல்லாத, ஓடட்டும், ஓடட்டும்.”

நான் கையைப் பார்த்தேன். வலது கை. கட்டைவிரல் வெளியே இருந்தது.

விரிஞ்சு கெடந்துச்சு. அஞ்சு வெரலும்.

எனக்குத் தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சும் நின்னேன். கத்தினா ஷாட் கெட்டுரும்னு நின்னேன். எல்லாரும் சிரிப்பாங்கன்னு. நடிப்புன்னுதான மாமா சொன்னாரு? இந்தத் தடவ வெரல மறந்துட்டாரோ? — இத்தனையும் யோசிச்சேன். எவ்வளவு நேரம்? எண்ணல. ஏன் எண்ணல?

அப்புறம் கத்தினேன். கரையில் நின்ற கொக்கு ஒன்று எழும்பிக் குட்டைக்கு மேலே பறந்தது. அப்போதும் டைரக்டர் என்னைப் பார்த்துக் கையை ஓங்கினார். ஜாஸ்மின் அக்காதான் என் முகத்தைப் பார்த்தார். விசிலை ஊதிக்கொண்டே ஓடிப்போய்க் குதித்தார்.

ஏப்ரல் 18, வெள்ளி

சேலம் ஆஸ்பத்திரி. தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதாம். மூச்சு இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் கண் திறந்தார். வலது பக்கம் அசையவில்லை. அம்மாவைத் தெரிகிறது. பெயர் சொல்ல வரவில்லை.

அம்மா ஒரே வார்த்தை திரும்பத் திரும்பச் சொல்கிறாள்: “சிரிக்க வைக்கலியே, சிரிக்க வைக்கலியே.” அது இல்லைம்மா, தெரிஞ்சிருந்த ஆளு ஒருத்தி சும்மா நின்னுட்டிருந்தா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

மே 10, சனி

மாமாவை நம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். ஜாஸ்மின் அக்கா போட்டோவைத் திருப்பித் தர வந்தார். அந்தப் படத்தை விட்டு விலகிவிட்டாராம். கண்ணாடியில் குங்குமம் ஒட்டியிருந்தது. அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ கத்தலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது வெண்மதி” என்றார் ஜாஸ்மின் அக்கா. நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

அறிவழகன் சார் வந்தார். படத்தை ஏற்கெனவே ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டாராம். இன்னும் தள்ளுகிறேன் என்றார். மாமா தலையணைக்கு அடியிலிருந்து கதைத் தாள்களை இடது கையால் இழுத்து அவரிடம் நீட்டினார். ஒவ்வொரு எழுத்தாக இறக்கிவைத்தார்: “எ… டு… ங்க… சார்.”

சார் காரில் ஏறும் முன் வேலியோரம் நின்று முகம் கழுவிக்கொண்டு போனார்.

நவம்பர் 14, வெள்ளி

முப்பத்திரண்டாவது படம் இன்று வெளிவந்தது. போகக்கூடாது என்கிறாள் அம்மா.

நவம்பர் 16, ஞாயிறு

போனேன். பொய் சொல்லிவிட்டு, தருமபுரிக்கு, காலைக் காட்சி.

படம் மிக மோசம். முறுக்குப் படத்தைவிட மோசம். பேசிக்கொண்டும் போன் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அப்புறம் அந்த ஷாட் வந்தது. வெட்டவில்லை. முழுதாக வைத்திருக்கிறார்கள். தியேட்டர் அப்படியே அடங்கிவிட்டது.

நான் மாமாவைப் பார்க்கவில்லை. எண்ணினேன். அவர் மேலே வந்ததிலிருந்து ஒன்று, இரண்டு… இருபத்தாறில் கொக்கு பறந்தது.

என் குரல் இல்லை. அந்த இடத்தில் புல்லாங்குழல் போட்டிருக்கிறார்கள். பின் வரிசையில் ஒருவர் சொன்னார்: “உசுரு பறக்கற மாதிரி வச்சிருக்கான் பாருய்யா. டைரக்டர் சாதாரண ஆளு இல்ல.” விசில் பறந்தது. முப்பத்திரண்டு படங்களில் மாமாவுக்காக விழுந்த மிகப் பெரிய கைத்தட்டல் அதுதான்.

சாயங்காலம் மாமாவின் கட்டிலருகே உட்கார்ந்தேன். இப்போது மெதுவாகப் பேசுகிறார். எங்கே போனேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“எ… ப்படி?”

“மோசம் மாமா.”

“நா… ன்?”

பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னேன். ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாதது. “இருவத்தாறு எண்ணற வரைக்கும் நான் கத்தல மாமா. கட்டவெரல் வெளிய இருந்தத முன்னாடியே பாத்துட்டேன். பாத்துட்டும் சும்மா நின்னேன்.”

அவர் கூரையைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. “ஏ… ழாம் படம்… நா… ப்பது.” அவர் மூச்சை அடக்கிச் செத்துக் கிடந்த கணக்கு. மூச்சு வாங்கினார். “இது… கம்மி.”

அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நோட்டை எடுத்தேன். ‘படம் 32’ என்று எழுதினேன். நல்லது, மோசம், சொல்லத் தெரியாதது: மூன்று கட்டங்கள் இருக்கின்றன. எதிலும் குறி போடவில்லை.

நிமிர்ந்தபோது அவர் தூங்கவில்லை. கண் மூடியபடியே, இடது கையால் வலது கையை எடுத்து மார்பில் வைத்தார். அந்தக் கட்டைவிரலை உள்ளே மடக்கினார். மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மூடினார். அவை திறந்துகொண்டன. மறுபடி மூடினார்.