மூன்றாம் ஷிஃப்ட் போன வருசம்

ஜனவரி 9

ஸ்நோ. திரும்பவும். டிரைவ்வே வழிச்சது நான். தம்பிக்கு "முதுகு நோ"வாம். பத்து வயசில் முதுகு நோ!

இந்தக் கொப்பியைத் தமிழில் எழுதுறதுக்குக் காரணம் தமிழ்ப்பற்று இல்லை. இங்கிலிஷில் எழுதினால் தம்பி களவாய் வாசிப்பான். தமிழ் எழுத்தைக் கண்டால் ஓடிவிடுவான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எனக்குச் செய்த ஒரேயொரு உதவி.

நியூஸ்: கார் பிளாண்டில் மூன்றாம் ஷிஃப்டை நிப்பாட்டப் போறாங்களாம். அப்பா வேலை செய்றது அங்கே இல்லை, அதுக்கு சீற் செய்து அனுப்புற சின்னக் கொம்பனியில். ஆனால் கார் குறைஞ்சால் சீற்றைக் கொண்டுபோய் என்ன செய்றது? தியேட்டர் கட்டுறதோ? அங்கேயும் ஆள் குறைப்பாங்கள்.

இந்த ஊரில் "அப்பா என்ன வேலை" எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. "எந்த ஷிஃப்ட்" எண்டுதான். இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில் அதையும் கேக்கவில்லை. எல்லாரும் ஃபோனில் அந்த நியூஸைப் பாத்தபடி.

ஸ்காபரோவில் சந்தோசமாய் இருந்த என்னைப் பிடுங்கிக்கொண்டு வந்ததே இந்த வேலைக்குத்தான். ஊரின் பேர் ஒஷாவா. ஓ, சாவா? வந்த அண்டே சொன்னன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அப்பா சாப்பிடேக்க சொன்னது: "கறிக்கு உப்புக் கூட." அவ்வளவுதான்.

பெப்ரவரி 3

மைனஸ் எக்கச்சக்கம். மூக்குக்குள் இருக்கிற மயிரும் உறைஞ்சு போச்சு.

வெற்றி: ரீச்சர்மாரின் கோப்பி மெஷினில் "இனிக் குரலால் இயங்கும், தெளிவாகப் பேசவும்" எண்டு பிரிண்ட் எடுத்து ஒட்டினன். வைஸ் பிரின்சிபல் மெஷினுக்கு முன்னால் நிண்டு "டார்க் ரோஸ்ட்! டார்க்! ரோஸ்ட்!" எனக்கு அரை மணித்தியாலம் டிடென்ஷன். பெறுமதியானது.

கோப்பிக்கடை லைனில், எனக்கு முன்னால் ரண்டு அங்கிள்மார்:

"வீட்டை விக்கிறியோ?"

"இப்ப ஆர் வாங்குவாங்கள்?"

"அப்ப ஏன் போர்ட் நட்டனி?"

"மனுசி நடச் சொன்னவ. போர்ட் நிண்டால் அவவுக்கு நித்திரை வருதாம்."

மார்ச் 22

ஊத்தை ஸ்நோ. சப்பாத்து நனைஞ்சு நாறுது.

குமார் அங்கிளைப் பற்றி எழுத வேணும். எங்கட வீட்டுக்கு மூண்டு வீடு தள்ளி. அப்பாவோட ஒரே நாளில் அந்தக் கொம்பனியில் சேர்ந்தவர், ஒரே லைன், பக்கத்து ஸ்பொட். கார் ஓடத் தெரியாது. றோட் ரெஸ்ற்றில் விழுந்து விழுந்து கடைசியில் ரெஸ்ற் எடுக்கிற மனிசனே "போதும் ராசா" எண்டிருக்கும். அதாலை விடிய அப்பாதான் ஏத்திக்கொண்டு போறது. வாய் திறந்தால் அப்பாவை "ரவியண்ணை, ரவியண்ணை". எனக்கு வைச்ச பேர் "குழப்படி".

ஆள் குறைக்கிற விதி இதுதானாம்: கடைசியாய்ச் சேர்ந்தவர் முதல் போக வேணும். ஒரே நாளில் சேர்ந்தவை எண்டால் வயசு பாப்பாங்கள். மூத்தவர் இருப்பார், இளையவர் போவார். அப்பாவும் அங்கிளும் நிக்கிற இடத்தில்தான் கோடு விழும் போல.

"அப்ப நீங்கள் தப்பீட்டியள், பாவம் அங்கிள்" எண்டன். அங்கிளைவிட அப்பா மூண்டு வயசு மூப்பு. அப்பா எழும்பிக் கராஜுக்குப் போனார். அங்கே செய்றதுக்கு ஒரு வேலையும் இல்லை.

ஏப்ரல் 30

மழை. எல்லாம் நாசமாய்ப் போகட்டும்.

கொம்பனிச் சாப்பாட்டு அறைச் சுவரில் பேர் போட்டாச்சாம். குமார் அங்கிள் இருப்பார். அப்பா போக வேணும். செப்ரெம்பர் முடியிற மட்டும்தான்.

நான் குதிச்சன். பிழை விட்டிட்டாங்கள், போய்ச் சொல்லுங்கோ எண்டு. அம்மாதான் என்னை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னா.

அப்பா அகதியாய் வரேக்க ஏஜென்சிக்காரன் குடுத்த பாஸ்போட்டில் வயசு அஞ்சு குறைவு. எயார்போட்டில் அதைத்தான் சொன்னவர். கேஸிலும் அதுதான், பிறகு வதிவிடக் கார்டிலும் சிட்டிசன்ஷிப்பிலும் லைசென்ஸிலும் அதுதான். குமார் அங்கிளைத் தமக்கை ஸ்பொன்சர் செய்தவ, சொந்தப் பேர், சொந்த வயசு. அதாலை கடதாசிப்படி குமார் அங்கிள்தான் மூப்பு.

வருசக் கணக்காய் அப்பாவை "அண்ணை" எண்டு கூப்பிட்ட மனிசன், கொம்பனிக்கு அப்பாவின் அண்ணை. இப்பிடி ஒரு பகிடியை நான்கூட யோசிச்சிருக்க மாட்டன். எரியுது. சிரிப்பு வருது, எரியுது.

"உண்மையைச் சொன்னால் என்ன?" எண்டு அப்பாவைக் கேட்டன்.

"சும்மா இரு."

குமார் அங்கிளுக்கு உண்மை தெரியும். அவர் ஏன் சும்மா இருக்கிறார்?

மே 19

லோங் வீக்கெண்ட். ஊரெல்லாம் வெடி, புகை.

விடிய எழும்பி குமார் அங்கிளின் புல்லு முழுக்க பிளாஸ்ரிக் முள்ளுக்கரண்டி குத்தினன். ரண்டு பெட்டி. சுடலை மாதிரி இருந்தது, வடிவாய்.

பின்னேரம் அவர் எங்கட வாசலில், ஒரு பையோட. எல்லாத்தையும் கழுவித் துடைச்சு அடுக்கியிருக்கிறார்.

"அக்கா, ஆரோ பார்ட்டி வைச்சு விட்டிட்டுப் போட்டினம். நல்ல முள்ளுக்கரண்டி. உங்களுக்கு உதவும்."

அம்மா என்னைப் பாத்தா. நான் சீலிங்கைப் பாத்தன். இப்பிடியான மனிசனை எப்பிடிக் கோபிக்கிறது? ஆனால் கோபிக்கிறன்.

ஜூன் 24

சூடு. வகுப்பில் ஏ.சி. இல்லை. கடைசிச் சோதனை, கணக்கு, ஊத்தல்.

என்ர கூட்டாளி ஜோர்டனின் வீடு அல்பேட்டாவுக்குப் போகுது. அவன்ர தகப்பனும் லிஸ்ற்றில். லொக்கரை வெறுமையாக்கேக்க என்ர பழைய வெடிக்கிற பேனையைத் திருப்பித் தந்தான். "யூ கீப் இற்" எண்டன். சண்டை பிடிச்ச மாதிரி ரண்டு பேரும் அங்காலும் இங்காலும் போனம்.

ஜூலை 13



நேற்று யூனியன் பிக்னிக், ஏரிக்கரைப் பார்க்கில். வெயில், பேர்கர், கயிறு இழுப்பு. தம்பி ஐஸ்பழத்தைத் தன்ர சேட்டுக்கும் ஊட்டினான். யூனியன்காரன் டேவ் எங்கட மேசைக்கு வந்து அப்பாவின் முதுகில் தட்டி, ரவி, உன்னைப் போல ஆளை இழக்கிறது கவலை, என்ன செய்ய, குமார்தானே மூப்பு எண்டான்.

எனக்கு வாய் நிக்கவில்லை. இங்கிலிஷில் சொன்னன்: "இல்லை, என்ர அப்பாதான் மூப்பு. எல்லாருக்கும் தெரியும். அங்கிள் அவரை அண்ணை எண்டுதான் கூப்பிடுறவர். கேட்டுப் பாருங்கோ."

டேவ் சிரிப்பை நிப்பாட்டினான். "இஸ் தற் றைற், ரவி?"

அப்பா சிரிச்சார். அப்பிடி அவர் சிரிச்சு நான் கண்டதில்லை, ரீவியில் வாற ஆள் மாதிரி. "மை டோட்டர், டேவ். ஆல்வேஸ் ஜோக். ஸ்கூலில் கோப்பி மெஷின் ஸ்ரோறி தெரியுமோ?"

கோப்பி மெஷின் கதையை முழுக்கச் சொன்னார். டேவ் விழுந்து விழுந்து சிரிச்சான். குமார் அங்கிளும் "ரூ மச் ஜோக், திஸ் கேள்" எண்டார். எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கினம். நான் பகிடி விடாமல் சொன்ன ஒரேயொரு விசயத்துக்கு.

அதுக்குப் பிறகு குமார் அங்கிள் கிறில் பக்கம் திரும்பி, டேவுக்குக் கேக்கச் சத்தமாய்: "ரவி! பேர்கர் கருகுது!"

ரவி. வெறும் ரவி. அப்பா "ஓம் ஓம்" எண்டு ஓடிப்போய்ப் பிரட்டினார்.

வரேக்க அப்பா காரை ஒரு பிளாசாவில் ஓரங்கட்டினார். அம்மாவும் தம்பியும் கடைக்குள். என்னைப் பாக்காமல் கதைச்சார்.

"வேலை போனால் வேற வேலை தேடலாம். அது போனால்?"

"எது?"

"இஞ்ச இருக்கிறது. பொய் சொல்லி வந்தவன் எண்டு ஒருத்தன் எழுதிப் போட்டால் காணும். சிட்டிசன்ஷிப்பை எடுக்கிறாங்களோ விடுறாங்களோ, எனக்குத் தெரியாது. தெரியிற மட்டும் நான் நித்திரை கொள்ள ஏலுமோ?"

"அப்ப சாகும் மட்டும் இந்தப் பொய் வயசோடையோ?"

"ஓம்."

"இது அநியாயம்."

"ஓம்."

எல்லாத்துக்கும் ஓம் சொல்லுற மனிசனோட எப்பிடிச் சண்டை பிடிக்கிறது. கார்க் கதவை அடிச்சுச் சாத்தினன். பிறகு திறந்து இன்னொருக்காச் சாத்தினன்.

ஓகஸ்ட் 20

புழுக்கம். குமார் அங்கிள் இப்ப எங்கட வீட்டிலும் அப்பாவை அண்ணை எண்டு கூப்பிடுறதில்லை. பழகிப் போய் வேலைத்தளத்தில் வாய் தவறிவிடும் எண்ட பயமாம். "ரவி" எண்டு கூப்பிடவும் வாய் வருதில்லை. அதாலை "இஞ்ச பாருங்கோ".

அம்மா: "எனக்குப் போட்டியாய் ஒரு ஆள்."

முதல் தரமாய் இந்த மாதம் சிரிச்சன். சிரிச்சதுக்கும் கோபம் வந்தது.

செப்ரெம்பர் 27

நேற்று அப்பாவின் கடைசி நாள். பூட்ஸ், கண்ணாடி, சாப்பாட்டுப் பை, எல்லாம் ஒரு குப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். கேக் வெட்டினவையாம். ஒரு துண்டு ரிஷுவில் சுத்தித் தம்பிக்கு. ஐசிங் எல்லாம் ரிஷுவில்.

என்ர ஜி-ரூ லைசென்ஸ் போன கிழமை கிடைச்சது. இனி நான் தனியாய்க் காரோடலாம். பார்ட்டி இல்லை.

செப்ரெம்பர் 29

திங்கள். விடிய இருட்டில் கார் ஸ்ராட் பண்ணுற சத்தம். அப்பாவுக்கு விசரோ எண்டு ஓடிப்போய்ப் பாத்தால், குமார் அங்கிள் ஏறுறார்.

திரும்பி வந்தபிறகு அப்பாவைப் பிடிச்சன்.

"உங்களை அனுப்பின இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் விடுறியளோ?"

"அவன் எப்பிடிப் போவான்?"

"பஸ்ஸில்!"

"அந்த நேரத்துக்கு பஸ் இல்லை."

"அப்ப நடக்கட்டும்!"

"பிள்ளை, பனி தொடங்கப்போகுது" எண்டிட்டுத் தேத்தண்ணி ஊத்தினார்.

ஒக்ரோபர் 30

காத்து. இலை கூட்டினன், காத்து திரும்பப் பரப்பினது. இந்த ஊர் மாதிரி.

எங்கட றோட்டில் விக்கிற போர்ட் நாலு. ஹலோவீனுக்கு அதிலேயே எலும்புக்கூட்டைக் கொழுவியிருக்கினம். இந்த வருசம் வேற அலங்காரம் தேவையில்லை. கொம்பனிக் கேற்றடிக் கோப்பிக்கடை மத்தியானத்தோட பூட்டுது.

அப்பா ஏஜக்ஸில் ஒரு வெயர்ஹவுஸ் இன்ரவியூவுக்குப் போனவர். அங்கே ஒரு பெடியன் கடதாசியைப் பாத்திட்டு, உங்களுக்கு இன்னும் நல்லாய் வயசிருக்கு, கனகாலம் வேலை செய்யலாம் எண்டானாம். அப்பா "தாங்க் யூ" சொன்னவராம்.

பென்ஷனும் அந்த வயசுக் கணக்கில்தானே வரும்? அப்ப முழங்கால் ஒரு வயசு, கடதாசி ஒரு வயசு. முழங்காலுக்கு ஆர் லீவு குடுக்கிறது? கேக்கவில்லை. இன்னொரு "ஓம்" கேக்க ஏலாது.

டிசம்பர் 4

ஸ்நோ, கண்ணாடி மாதிரி றோட்.

அப்பாவுக்கு வெயர்ஹவுஸ் வேலை சரி. இண்டைக்கு முதல் நாள், விடிய ஆரோ ஒரு வாகனத்தில் வந்து ஏத்திக்கொண்டு போனவை. நேற்றிரவு சாப்பிடேக்க, சாப்பாட்டைப் பாத்தபடி: "நீ நாளையில இருந்து குமாரைக் கொண்டே விடு. பிறகு பள்ளிக்கூடம் போ."

நான் "ஓம்" எண்டன். வீட்டு வியாதி தொத்தீட்டுது.

குமார் அங்கிள் முன் சீற்றில், சாப்பாட்டுப் பை மடியில், விக்ஸ் மணம்.  கொம்பனிக்குத் திரும்பிற லைற்றில் நான் திரும்பவில்லை. நேரே போய் 401 ஹைவேக்கு ஏறினன். அவரைப் பிந்தப் பண்ண வேணும். டேவுக்கு முன்னால் நிண்டு பதில் சொல்லட்டும். அதுதான் பிளான்.

"பிள்ளை, கேற் அந்தப் பக்கம்."

"தெரியும்."

கத்துவார் எண்டு காத்திருந்தன். அவர் மடியில் கிடந்த பையைக் காலடியில் வைச்சார்.

"அப்ப ஓடு," எண்டார். "எனக்கும் உள்ளுக்குப் போக ஏலாமல்தான் இருக்கு."

நான் அவரைப் பாக்கவில்லை. றோட் வழுக்குது.

"அண்ணை நிண்ட ஸ்பொட்டில இப்ப ஒருத்தரும் இல்லை. அவற்ற வேலையும் சேர்த்து நான்தான் செய்யிறன். நானாய் எழுதிக் குடுத்திட்டு வெளிய வந்திருக்கலாம், அவரை வேலையில வைச்சிருப்பாங்கள். டேவ் அப்பவே சொன்னவன்."

"பிறகேன் செய்யேல்லை?"

ஏப்ரலில் இருந்து கேக்க நினைச்ச கேள்வி. 

"பயம்."

அவ்வளவுதான். மனுசிக்குச் சுகமில்லை எண்டோ, கடன் எண்டோ ஒரு சாட்டும் இல்லை. நான் ஒவ்வொண்டுக்கும் பதில் யோசிச்சு வைச்சிருந்தன். இதுக்கு இல்லை.

விற்பி எக்ஸிட் வந்தது. ஹைவேயால இறங்கிக் கேற் பக்கம் திருப்பினன்.  திரும்பி வாற வழி முழுக்க வைப்பர் மட்டும்தான் கதைச்சது.

கேற்றடியில் இறங்கி, கதவை மெதுவாய்ச் சாத்தினார். அடிச்சுச் சாத்தியிருக்கலாம். ஸ்நோவுக்குள் அரை ஓட்டத்தில் போனார், வழுக்கி, கையை ஊண்டி, திரும்ப எழும்பி. கொம்பனிக் கதவு திறக்கிற மட்டும் நிண்டு பாத்தன்.

நாளைக்கும் நான்தான் கொண்டே விட வேணும்.