விறாந்தைப் படியில் சிவப்புக் கோடு

வெள்ளி, ஐப்பசி

விடியத் தூறல். வாசல் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். விறாந்தையிலிருந்து வீட்டுக்குள் ஏறும் படியில் சிவப்பாக ஒரு கோடு. பிள்ளைகளின் கிறுக்கல் என்று தேங்காய்த் தும்பால் தேய்த்துப் போக்கி, மேலே கோலம். சமையல்: பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. கற்பூரம் முடிந்தது.

பதினொரு மணிக்கு எதிர்வீட்டு பிலோமினா அக்கா.

"படியில மார்க் ஒண்டு இருந்ததே, எங்க?"

"கழுவிட்டேன் அக்கா."

"அது ரோட்டுக்காரர் நேத்துப் பின்னேரம் போட்டது, நீங்க கோயிலுக்குப் போன நேரம். உங்கட கோலத்துக்கு கவர்மெண்டும் எடம் விடணுமோ?" சிரித்தார்.

அதிவேக வீதியின் அருகோடு இணைப்பு வீதி வருகிறது, எங்கள் குறுகிய ஒழுங்கையை அகலமாக்கி. எல்லோரும் கேட்டதுதான். நானும் மனுவில் கையெழுத்து வைத்தேன். அதிவேக வீதித் தூண்கள் எழும்பிய பிறகு ஓட்டோ உள்ளே வருவதில்லை. அக்காவின் புருஷன் அந்தோனி அண்ணனுக்குப் பாரிசவாதம். புதன்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போக, கதிரையில் இருத்தி மெயின் ரோடு வரை தூக்கித்தான். ஆனால் அந்தக் கோடு வரை எங்கள் வீடு இடிபடும். விறாந்தை முழுதும். சாமித் தட்டும் அங்கேதான்.

சனி

வெயில். இவரிடம் சொன்னேன்.

"கழுவினது நல்லதாப் போச்சு. வெளியில வடிகான் ஓரம்தான் கோடு இருந்ததெண்டு சொல்லுவம். நீ வாய் திறக்காத."

எங்கள் பக்கம் விட்ட அளவை எதிர்ப் பக்கம் கூடுதலாக எடுப்பார்கள். அங்கே முன்னறையில் அந்தோனி அண்ணனின் கட்டில். இவருக்கும் தெரியும். ஆனால் அந்த விறாந்தை லீவு நாட்களில் இவர் தன் கையால் கட்டியது. உளுந்து ஊறப்போட்டேன்.

ஞாயிறு

அந்தோனி அண்ணன் ஜன்னலால் கூப்பிட்டார். வாய் இன்னும் கோணல்தான்.

"தங்கச்சி, ரோட்டு வந்தா முதல் ஓட்டோவில உன்னையும் ஏத்திக்கொண்டு கடற்கரைக்குப் போறது."

"அப்ப நான்?" உள்ளிருந்து அக்கா.

"நீ தூக்கித் தூக்கிக் களைச்சிட்டாய். வீட்ட இரு."

பின்னேரம் விளக்கு வைத்தேன். தேவாரம் பாதியில் நின்றுவிட்டது. முருகா.

திங்கள்

மழை இல்லை. பத்து மணிக்கு ரோட்டுக் கந்தோரின் சிங்கள அதிகாரி, மஹத்தயா, வந்தார். படியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"அம்மே, மார்க் எக கோ?" கோடு எங்கே என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். குனிந்து, கோடு இருந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"மெத்தன, மஹத்தயா." இங்கேதான், நான்தான் கழுவினேன் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சிரித்தார். இந்த முறை பெயின்றால் கோடு போட்டார்.

சாப்பாட்டில் இவர் இரண்டாம் தரம் ரசம் கேட்டது கையால்தான்.

செவ்வாய்

வானம் மப்பு. காலையில் இவர் அளவு நாடாவோடு குசினிக்குள். அடுப்பருகே அடுக்கிய டின்களை இறக்கி வைத்திருக்கிறார்.

"இந்தச் சுவர்ல தட்டு அடிச்சா சாமி கிழக்குப் பாத்துத்தானே இருக்கும்?"

"ஓம்."

"அப்ப மற்ற முனையைப் பிடி."

பிடித்தேன். நாலடி இரண்டங்குலம்.