சீட்டின் உயரம்

என்னங்க,

பேசத் தொடங்கினால் இரண்டு பேரும் உடைந்துவிடுவோம். அதனால் எழுதி, நீங்கள் சைக்கிளுக்குப் போடும் சட்டையின் பையில் வைக்கிறேன்.

தெருமுனைக் கடைக்கே ஸ்கூட்டர் எடுக்கிற மனுஷன் நீங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நாம் இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்ததிலிருந்து, நம் மகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு விடியலில் போனால் வெயில் சாய்ந்துதான் வருகிறீர்கள். படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறீர்கள். கேட்டால், பயிற்சியாம்.

இன்று அவனுடைய கோச்சையே போய்ப் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று கேட்டேன்.

"ரேஸுக்குப் போறவனுக்கே ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் போதும்க்கா. வாரத்துல ஒரு நாள் வேணா கூட ஓட்டலாம், மறுநாள் ஓய்வு. வீடு திரும்பத் தெம்பு மிச்சம் இருக்கணும், அவ்வளவுதான். ஆனா சாருக்கு முட்டி வலி சீட்டாலதான். அது தம்பி உயரத்துக்கு வெச்சது. இறக்குங்க சார்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறார்."

நீங்கள் ஏன் இறக்கவில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

சற்றுமுன் நீங்கள் குளிக்கப் போனபோது, தையல் ரிப்பன் ஒன்றைப் பெடலிலிருந்து சீட் வரைக்கும் பிடித்து, அந்த அளவுக்கு வெட்டினேன். பீரோவில் அவன் சட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். அவன் உயரம் எங்கேயும் போகாது.

சீட்டை இறக்கிக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள். இங்கே நானும் தனியாகத்தான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி