செல்லுக்கு நல்லது

12-8-2006, சனி
காலையிலிருந்து மூட்டம். பிளஸ் டூ விலங்கியல் விடைத்தாள் இன்னும் நாற்பத்தொன்று பாக்கி. செல் படத்தில் பாதிப் பேர் மைட்டோகாண்ட்ரியாவை விட்டுவிட்டார்கள்.

ஸ்டெல்லா வாசல்படி தெரியாமல் விழுந்தாள். கல்யாணமாகி வந்து முப்பது வருஷமாக ஏறி இறங்கும் படி. முழங்கையில் சிராய்ப்பு. மருந்து தேடி அவள் அலமாரியைத் திறந்தேன். சர்க்கரை மாத்திரை அட்டைகள், மார்ச்சில் வாங்கியவை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. பக்கத்தில் சத்துக் காப்ஸ்யூல் டப்பாக்கள், மூன்று காலி.

"ஏன் நிறுத்தின?"

"நீங்கதானே சொன்னீங்க, செல்லுக்கு நல்லதுன்னு. செல்லு நல்லா இருந்தா சுகர் எப்படிங்க இருக்கும்?"

ஆமாம். நான்தான் சொன்னேன்.

13, ஞாயிறு
சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை அவள் திறக்கவே இல்லை. எல்லாம் மனப்பாடம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வெளியே எங்கள் பி.டி. மாஸ்டர் சேவியர். பிப்ரவரியில் பெருங்களத்தூர் கல்யாண மண்டபக் கூட்டத்துக்கு எங்களை அழைத்துப்போனவர், காப்ஸ்யூல் விற்பவரும் அவர்தான். திரையில் பெரிய செல் படம். கோட்டுப் போட்டவர் பேசியதில் முதல் பாதி சரி: வயதாக ஆகச் செல் தேய்கிறது, பழத்திலும் கீரையிலும் மஞ்சளிலும் உள்ள சத்துகள் உதவலாம். மீதிப் பாதி, "ஆகவே இந்த டப்பா." நான் முதல் பாதிக்குக் கைதட்டினேன். ஸ்டெல்லா முழுவதற்கும்.

"சார், மாத்திரைய நிறுத்தச் சொல்லி நான் சொன்னேனா? அக்காவையே கேளுங்க."

சொல்லவில்லைதான். யாருமே சொல்லவில்லை.

16, புதன்
அரை நாள் லீவு. தாம்பரத்தில் கண் டாக்டர். சின்ன வயசு, பொறுமையான பெண்.

"ரெண்டு கண்லயும் உள்ள ரத்தக் கசிவு இருக்கு சார். ரொம்ப நாளாவே இருந்திருக்கும். மாத்திரைய விட்டதுல வேகமாயிடுச்சு. லேசர் பண்ணி மிச்சத்தக் காப்பாத்தப் பாக்கலாம். போனது வராது."

"காப்ஸ்யூல் சாப்பிடலாமா டாக்டர்?" ஸ்டெல்லா.

"சுகர் மாத்திரைக்குப் பதிலா எதுவும் கிடையாதும்மா."

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் நடுரோட்டில் பிடிக்க மாட்டாள்.

17, வியாழன்
மாத்திரை இனி என் கையால், காலை, இரவு.
லேசர் சனிக்கிழமை.
பெங்களூரில் மகளுக்கு போன். "அம்மா நல்லா இருக்கா" என்று வைத்துவிட்டேன்.

காப்ஸ்யூலை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தேன். தடவியே கண்டுபிடித்துவிட்டாள்.

20, ஞாயிறு
நேற்று லேசர் முடிந்தது. இன்று வெயில்.

சேவியர் போன். சாயங்காலக் கூட்டத்தில் அக்கா இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம், காப்ஸ்யூல் சாப்பிட்டு முட்டி வலி போனதைப் பற்றி. கண் விஷயம் சொன்னேன். "ஐயோ. ஆனா அது வேற, இது வேற சார்."

ஸ்டெல்லா போனை வாங்கி, "வரேன் தம்பி" என்றாள்.

கத்திவிட்டேன். கல்யாணமாகி இப்படிக் கத்தியதில்லை.

அவள் குரல் உயரவில்லை. "போனது வராதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. இவங்க மட்டும்தான் வரும்னு சொல்றாங்க. நான் யார்கிட்டங்க போறது?"

 

கூட்டத்துக்குக் கட்ட பீரோவிலிருந்து ஒரு புடவையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஏங்க, இது பச்சையா, நீலமா?"

பச்சை என்றேன்.