தொலைக்கரையின் கடைசி அத்தியாயம்

சான் லூயிஸ்
12 அக்டோபர் 1993

மதிப்பிற்குரிய தோழர் எலோய் பாராகா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் இடானியா, வயது பதினான்கு. இந்த ஊர்ச் சுருட்டு ஆலையில் தொழிலாளர்களுக்குப் புத்தகம் வாசிக்கும் சொராய்தாவின் மகள். உங்கள் 'தொலைக்கரை' வரிசையின் ஐந்து புத்தகங்களையும் அம்மாதான் மேடையில் உட்கார்ந்து வாசித்தாள். காகிதம் இல்லாததால் ஆறாவது புத்தகம் அச்சாகாது என்று தெரிந்ததும் ஆலையே கையெழுத்திட்டு உங்களைக் கேட்டது. நீங்களும் தட்டச்சுப் பிரதியை அனுப்பிவைத்தீர்கள்.

அம்மா தூங்குகிறாள். மின்சாரம் எட்டு மணிக்கே போய்விட்டது. மண்ணெண்ணெய் விளக்கை அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பியது மூன்றாவது கார்பன் நகல். எழுத்துகள் மிகவும் மங்கல். அதனால் தினமும் சாயங்காலம், மறுநாளைக்கு வேண்டிய அத்தியாயத்தை நான் எங்கள் பழைய தட்டச்சுப் பொறியில் மறுபடி அடித்துத் தருவேன். அம்மா அதை அப்படியே வாசிப்பாள். முன்கூட்டிப் படிக்க மாட்டாள். கேட்பவர்களோடு சேர்ந்துதான் தானும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் வழக்கம்.

கடைசி அத்தியாயத்தை அடிக்க உட்கார்ந்தேன். விண்படகில் போன தாரியோ திரும்பவில்லை. அவன் அம்மா ஊர்சுலா, ஐந்து வருடமாக அவன் குரலுக்காகத் திறந்தே வைத்திருந்த அந்த ஏற்பிப் பெட்டியை அணைத்துவிட்டு அடுப்பில் காபி வைக்கிறாள். அவ்வளவுதான்.

மூன்றாவது வரிசையில் இலாரியோ மாமா உட்காருவார். அவருடைய மகன் எவெலியோ லா கொலோமா துறைமுகத்திலிருந்து மீன்பிடிப் படகில் போனவன். மார்ச் மாதக் காற்றுக்குப் பிறகு படகு வரவில்லை. மாமா ஒரு சின்ன ரேடியோவைத் துணியில் சுற்றி தினமும் ஆலைக்குக் கொண்டுவருவார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, படகைப் பற்றிச் சேதி வருமா என்று அவர் மட்டும் அதைக் காதோடு வைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு முன்னால் அம்மா எப்படி அந்தப் பக்கத்தை வாசிப்பாள்?

அதனால் நானே நான்கு பக்கம் எழுதினேன். பெட்டி கரகரக்கிறது. தாரியோவின் குரல் கேட்கிறது: "அம்மா, கதவைத் திற." உங்கள் பக்கங்களை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

அம்மா வாசித்து முடித்ததும் சவேட்டாக் கத்திகளின் சத்தத்தில் ஆலை அதிர்ந்தது. இங்கே கைதட்ட மாட்டார்கள். இலை வெட்டும் கத்தியின் தட்டைப் பக்கத்தால் பலகையில் அடிப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் கத்தியைத் தரையில் போடுவார்கள். அன்று ஒரு கத்தியும் கீழே விழவில்லை.

இப்போது எல்லோரும் ஆளுக்கொரு கருத்து எழுதி உங்களுக்கு அனுப்பப் போகிறார்கள். உண்மை தெரிந்தால் அம்மாவின் வேலை போய்விடும். வாசிப்பவர் இருமலாம், தொண்டை கட்டலாம், ஆனால் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. அம்மாவுக்கு முன்னால் இருந்தவர் இரண்டு பக்கம் தாண்டிப் போனார். அந்த வாரமே வாக்கெடுத்து இறக்கிவிட்டார்கள்.

தயவுசெய்து அந்த முடிவை நீங்களே எழுதியதாகச் சொல்லிவிடுங்கள். பதிலை வீட்டுக்கு அல்ல, பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள்.

பயத்துடன்,
இடானியா

*

ஹவானா
29 அக்டோபர் 1993

அன்புள்ள இடானியா,

உன் கடிதமும் ஆலையின் கருத்துத் தாள்கள் கட்டும் ஒரே நாளில் வந்தன. உன்னுடையதை முதலில் பிரித்தது என் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் எனக்கு மறதி நோய் வந்துவிட்டதென்று மருத்துவரிடம் ஓடியிருப்பேன்.

ஐம்பத்தெட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். பெட்டி ஒட்டும் எதெல்வினா: "அஞ்சு புத்தகமா எங்கள அழவெச்ச மனுஷன் கடைசில நல்லவனா மாறிட்டாரு. ரேஷன் காபி மாதிரி பட்டாணி கலக்காத காபி எங்கயோ கிடைச்சிருக்கு போல." ஃபெர்மீன் என்பவர், பையன் வந்த சந்தோஷத்தில் அன்று எட்டுச் சுருட்டு கூடுதலாகச் சுற்றினாராம். இலை பிரிக்கும் ரமோனா மட்டும் விடவில்லை: "படகுல காத்து ஒம்பது நாளைக்குத்தான்னு ரெண்டாம் புத்தகத்துல நீங்கதானே சொன்னீங்க? பையன் எதை சுவாசிச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் வந்தான்?"

அவள் சொல்வது சரி. எனக்கே அந்த ஒன்பது நாள் மறந்துபோயிருந்தால் நானும் அவனைத் திருப்பிக் கொண்டுவந்திருப்பேனோ என்னவோ. ஆசை எனக்கும் இருந்தது.

நான் பொய் சொல்ல மாட்டேன் இடானியா. அந்தப் பாராட்டு என்னுடையது அல்ல, அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் நவம்பர் முடியும்வரை ஆலைக்குப் பதில் எழுத மாட்டேன். அது உனக்கான அவகாசம்.

இன்னொன்று. ஒருவர் கையெழுத்து மட்டும் போட்டுக் கருத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். பெயர் இலாரியோ. நீ யாருக்காக முடிவை மாற்றினாயோ அவருக்கு அது பிடித்ததா? நீ என்ன நினைக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. போய் அவரையே கேள்.

அன்புடன்,
எலோய் பாராகா

*

சான் லூயிஸ்
9 நவம்பர் 1993

மதிப்பிற்குரிய தோழர் பாராகா அவர்களுக்கு,

அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் ஆலைக்குப் போனேன். இலாரியோ மாமா பின்வாசல் படியில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார். நான் அவர் எதிரில் போய் நின்றேன். அவரே நகர்ந்து இடம் கொடுத்தார்.

"என்னடி, பள்ளிக்கூடத்துல துரத்திட்டாங்களா?"

"இல்ல மாமா. புத்தகத்தைப் பத்தி நீங்க மட்டும் ஒண்ணும் எழுதலையாமே?"

"எழுதுனா உங்கம்மா மனசு கஷ்டப்படும். நல்லா வாசிக்கிறவ."

"அப்ப முடிவு பிடிக்கலையா?"

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை, குறைத்தார்.

"ஊர்சுலா அந்தப் பெட்டியை எப்படி அணைக்கப் போறான்னு பாக்கத்தான் நான் காத்திருந்தேன். அவ அணைச்சிட்டு மறுநாள் என்ன செய்வா, எங்க உக்காருவா, எதைச் சாப்பிடுவா, அதைத் தெரிஞ்சுக்கணும்னு. அவ செஞ்சா நானும் செய்யலாம்னு வெச்சிருந்தேன். அவ பையன் வந்துட்டான்." ரேடியோவின் துணியை இழுத்துச் சுற்றினார். "வந்தது நல்லதுதான். ஆனா இப்ப நான் எப்படிம்மா இதை அணைப்பேன்?"

நான் சாப்பாட்டு டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். அம்மா அன்று பட்டினி.

எனக்கு அழுகை வருகிறது. அவருக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். உங்கள் பக்கங்கள் என் முதுகுக்கு அடியில்தான் இருக்கின்றன. படுத்தால் தெரிகிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று புரிகிறது, தைரியம்தான் இல்லை. மேடையில் உட்காராத அம்மாவை எனக்குக் கற்பனை செய்யவே முடியவில்லை.

இடானியா

*

ஹவானா
17 நவம்பர் 1993

அன்புள்ள இடானியா,

மேடைக்கு இன்னொரு நகலை நானே அனுப்பலாம். அனுப்பப் போவதில்லை. இலாரியோவுக்குச் சேர வேண்டியது உன் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்துதான் அது போக வேண்டும்.

நீ எழுதிய பக்கங்களை எனக்கு அனுப்பு. காற்றுக் கணக்கு தப்பு. குரல் தப்பில்லை.

எலோய்

*

சான் லூயிஸ்
28 நவம்பர் 1993

அன்புள்ள தோழர் பாராகா அவர்களுக்கு,

வியாழக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "கொண்டா அதை" என்று மட்டும் சொன்னாள். உங்கள் பக்கங்களை ஜன்னல் ஓரம் நின்றபடியே படித்தாள். மடித்து வைத்தாள். "நாளைக்கு நீயும் வர்ற."

வெள்ளிக்கிழமை அம்மா மேடை ஏறி, உட்காராமல் பேசினாள். "நான் வாசிச்ச கடைசி அத்தியாயம் பாராகா எழுதினது இல்ல. என் பொண்ணு எழுதினது. ஒப்பிட்டுப் பாக்காம வாசிச்சது நான், அதனால தப்பு என்னோடது."

ஃபெர்மீன் மாமா எழுந்தார். "இரு சொராய்தா, அப்ப பையன் வரலையா?"

"வாசிக்கிறேன், கேளுங்க."

வாசித்தாள். ஊர்சுலா பெட்டியை அணைத்தாள், காபி வைத்தாள். யாரும் தட்டவில்லை. எதெல்வினா அத்தை பசைத் தூரிகையைத் தரையில் எறிந்தாள். "வந்த பையனைத் திருப்பி அனுப்பிட்டீங்களே, உங்களுக்கெல்லாம் நெஞ்சே இல்லையா!" என்றாள். ரமோனா அத்தை, "ஒம்பது நாள்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள். ஆனால் அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

பிறகு வாக்கெடுப்பு. சொராய்தா தொடர வேண்டும் என்பவர்கள் தட்டலாம் என்று ரமோனா அத்தை அறிவித்தாள். அவள்தான் தொழிலாளர் குழுவின் தலைவி. ஒரு சத்தமும் இல்லை. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். கத்திகள் பலகையிலேயே கிடந்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு தட்டு கேட்டது. நான் நிமிர்வதற்குள் இலாரியோ மாமா மறுபடி தட்டினார். அவருக்குப் பக்கத்துப் பலகை தட்டியது, பிறகு அதற்குப் பின்னால். எல்லோரும் தட்டவில்லை. பதினோரு கத்திகள் தரையில் விழுந்தன, எண்ணினேன். ஆனால் அம்மா உட்கார்ந்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள், செய்தித்தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். எதெல்வினா அத்தை இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

என் பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். இலாரியோ மாமாவின் கருத்துத் தாளும் இருக்கிறது. இந்த முறை எழுதிக் கொடுத்தார், ஒரே வரி: "காபி வைத்தது சரி."

நேற்று ஆலை வாசலில் அவர் என் உள்ளங்கையில் இரண்டு பேட்டரிக் கட்டைகளை வைத்தார். தன் பங்குச் சுருட்டுகளைக் கொடுத்து மாற்றி வாங்கியவை.

"ரேடியோவுக்கு மாமா?"

"எனக்கு வேணாம். நீ ராத்திரில மண்ணெண்ணெய்ப் புகையில கண்ணைக் கெடுத்துக்கிறியாம், உங்கம்மா சொன்னா."

இந்தக் கடிதத்தை அந்தக் கட்டைகளைப் போட்ட கைவிளக்கின் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். அம்மா விழித்துத்தான் இருக்கிறாள்.

இடானியா