சத்தம் ஜாஸ்தி

அக்கா,

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பச்சை மல்லாட்டை, ஊர்ப்பக்கம் வேர்க்கடலைக்குச் சொல்கிற பெயரேதான், இன்று அடுப்பில் ஓட்டோடு வேகிறது. இந்த வாசனைக்கு நீ எங்கிருந்தாலும் வந்து நிற்பாய். மூன்று பருப்பு இருக்கும் கடலையைத் தனியாக ஒதுக்கி வைத்து, கடைசியில்தான் தின்பாய். யாராவது அதில் கை வைத்தால் அன்று முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்வாய். கை வைத்தது பெரும்பாலும் நான்தான்.

எழுபதுகளில் செங்கம் ரோட்டில் நம் வீட்டுக்கு எதிரே காவி கட்டிய ஒரு வெள்ளைக்காரர் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். சித்தப்பா அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். நீயும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாய், யார் முகத்தையும் பார்க்காமல், லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு. உன்னைப் பார்த்தால் மட்டும் சித்தப்பா அம்மாவிடம், "பொண்ணு நார்மலா இல்ல அண்ணி. வேலூர் ஆஸ்பத்திரில தலைக்குக் கரண்ட் வச்சா சரியாயிடும்னு சொல்றாங்க" என்பார். நம் ஊரில் யார் சாமி, யார் பைத்தியம் என்பது கட்டியிருக்கும் துணியைப் பொறுத்தது போலிருக்கிறது.

பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்ததோடு போய்விட்டார்கள். அம்மாவும் கடைசியில் வேலூருக்குச் சம்மதித்தாள். பஸ்ஸில் நீ காதைப் பொத்திக்கொண்டே வந்தாய். திரும்பி வரும்போது நீ நீயாக இருப்பாயா என்று நான் உன்னையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் உன் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னம்மா கஷ்டம்?"

அதுவரை உன்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நீ வெகுநேரம் சுவரையே பார்த்தாய். அவரும் காத்திருந்தார். பிறகு சொன்னாய்: "பஸ்ல சத்தம் ஜாஸ்தி."

"அப்ப இது வியாதி இல்லீங்களா?" என்றாள் அம்மா.

"மத்தவங்க மாதிரி இல்லங்கறதாலயே இது வியாதி ஆயிடாதும்மா. நம்மள விட இவங்களுக்குச் சத்தம் பெருசா கேக்குது. எது இவங்களுக்குக் கஷ்டமோ அத கம்மி பண்ணுங்க. கரண்ட்லாம் வேணாம்."

அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஸ்டேஷனில் பாதி நாள் காத்திருந்து பாசஞ்சர் ரயிலில் நம்மை ஏற்றினாள். நீ ஜன்னலில் தலை சாய்த்து, "இது ஒரே மாதிரி சத்தம். நல்லா இருக்கு" என்று சிரித்தாய். பெட்டியில் எல்லோரும்தான் ஆடிக்கொண்டு வந்தோம். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு நம் வீட்டில் யாரும் கதவை அறைந்து சாத்தியதில்லை, சித்தப்பா உட்பட.

போன வாரம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில், "கொழந்த நார்மலா இல்லீங்க" என்றார்கள். மகனுக்கு முகம் செத்துவிட்டது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "உனக்கு என்னடி கஷ்டம்?" என்று கேட்டேன்.

அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. காத்திருக்கிறேன், அக்கா. உன்னோடு வளர்ந்தவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.